நாலு மணிக் காற்று

எங்க ஊர்க் கடற்கரைக்கு நல்ல பேர் வாங்கித் தரும் வேலை, பெங்களூரில் நான் இருக்கும் விளம்பரக் கம்பெனிக்கு வந்தது. கெமிக்கல் ஃபேக்டரி நாற்றம் தாங்காமல் டூரிஸ்டுகள் வருவதில்லையாம். அதனால் ஹோட்டல்காரர்கள் சேர்ந்து யோகா, மூலிகைக் குளியல், மூச்சு முகாம் என்று கிளம்பியிருக்கிறார்கள். ஃபேக்டரியைப் பற்றி ஒருத்தனும் வாய் திறக்கவில்லை.

மேனேஜர் நிருபமா திரையில் அட்டவணையைக் காட்டினாள். சாயங்காலம் நாலு மணி, கடற்கரையில் மூச்சுப் பயிற்சி.

நான் சிரித்துவிட்டேன். எங்க ஊரில் நாலு மணிக்குத்தான் காற்று ஃபேக்டரிப் பக்கமிருந்து திரும்பும். டீக்கடைக்காரர்கூட படுதாவை இறக்கிவிடுவார். வீட்டுக்கு வீடு ஜன்னலைச் சாத்துவார்கள். அதைச் சொன்னேன்.

"அப்போ எப்ப வைக்கலாம், தனசேகர்?"

என் வாயில் சனி. "காலைல ஆறு மணிக்கு. அப்ப நாத்தம் வராது."

"சூப்பர்! லோக்கல் ஆள் டீம்ல இருந்தா இதான் அட்வான்டேஜ்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் பல்லைக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் சந்தாபுராவில் என் வீட்டில் அம்மா இன்ஹேலரை உறிஞ்சிவிட்டு, எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். மணி நாலு. அவளை இங்கே கூட்டி வந்து ஆறு வருஷமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"நம்ம ஊருக்கு நல்ல காத்து வாங்க ஆளுங்க வரப்போறாங்கம்மா. நான்தான் விளம்பரம் எழுதறேன்."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஃபேக்டரிய மூடிட்டாங்களாடா?"

"இல்லம்மா. மூச்சு விடற நேரத்த மாத்திட்டோம்."