பூட்ஸ் போட்ட ஒல்லி எழுத்து

பொத்தேரியில் என் டிடிபி கடைக்குப் பொன்னி வந்தது 2004 ஜூலையில். கட்டட வேலை ஆட்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தவள், விடுதி மாணவர்களை நம்பிச் சொந்தமாக மெஸ் தொடங்குகிறாள். திங்கட்கிழமை கல்லூரி திறப்பு. முதல் நாள் வருகிற பையன்கள் முகம் சுளித்துப் போனால் வருடம் முழுக்கப் பக்கம் வரமாட்டார்கள் என்பது அவள் பயம்.

எட்டடிக்கு நாலடி இரும்புச் சட்டம் ஏற்கெனவே மெஸ் வாசலில் ஏறிவிட்டது. 'ஸ்ரீ பொன்னியம்மன் ஸ்டூடண்ட்ஸ் வெஜ் அண்டு நான்வெஜ் மெஸ்' என்பது ஆங்கிலத்தில், ஒரே வரியில், நெடுஞ்சாலை பஸ்ஸிலிருந்து தெரிய வேண்டும். என் கம்ப்யூட்டரில் இருந்த எழுத்து வடிவங்களில் ஒன்றுதான் அதற்கு அடங்கியது. ஒல்லி, உயரம், ஒவ்வொரு காலடியிலும் சதுரமாகத் தடித்த கட்டை. கூட்டமான பஸ்ஸில் பூட்ஸ் போட்டு நிற்கிறவர்கள் மாதிரி, எவ்வளவு நெருக்கினாலும் விழாது.

பொன்னிக்கு அது பிடித்துப்போனது. சாப்பாட்டுப் பட்டியலும் அதிலேயே வேண்டும் என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒன்பது அயிட்டத்தையும் அடித்தேன். பலகையில் பாதிகூட நிரம்பவில்லை.

"மிச்ச எடம் சும்மா கீதே, அண்ணாத்த."

சுற்றிலும் வெறுமை இருந்தால்தான் இருப்பது கண்ணில் படும் என்று சொல்ல நினைத்தேன். எனக்கு ஒரு வாக்கியம் வாய்க்கு வர நேரமாகும். மேசையில் கவிழ்த்து வைத்த நாவலைப் பார்த்தபடி அதைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் கூட வந்திருந்த அவள் புருஷன் சின்னையன், எதிர்ச்சாரி மெஸ்ஸின் பலகையை எட்டிப் பார்த்து வாசிக்கத் தொடங்கியிருந்தான். கோபி மஞ்சூரியன், சோலே பட்டூரா என்று மேலும் பதினெட்டு சேர்ந்தன. அத்தனையும் அந்த எழுத்தில் அடங்கின. குண்டு எழுத்தாக இருந்திருந்தால் ஒன்பதோடு தப்பித்திருப்பாள்.

திங்கட்கிழமை, சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்ட குற்ற உணர்ச்சியோடு அவள் மெஸ்ஸுக்கு நாஸ்தாவுக்குப் போனேன். டெல்லிப் பையன்கள் நாலு பேர் பலகையைக் காட்டி சோலே பட்டூரா கேட்டார்கள். பொன்னி என்னைப் பார்த்தாள்.

"இன்னாது அது?"

ரொம்ப நேரம் யோசித்தேன். கொண்டைக்கடலைக் குழம்பும் பெரிய பூரியும் என்றேன்.

"அத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

சுண்டலுக்கு வேகவைத்த கடலையைக் குருமாவில் கொட்டி, தட்டளவுக்குப் பூரி சுட்டாள். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டாவது தட்டு கேட்டார்கள். சின்னையன் சேர்த்த மற்ற அயிட்டங்களை யார் கேட்டாலும், தீர்ந்துவிட்டது என்றாள். காலை எட்டு மணிக்கே பதினேழு அயிட்டம் தீர்ந்துபோகிற மெஸ் என்று விடுதி முழுக்கப் பேச்சாகி, புதன்கிழமை உட்கார இடமில்லை.

சனிக்கிழமை இருவரும் கடைக்கு வந்தார்கள். தீர்ந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி பொன்னிக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"வேற போர்டு போடு, அண்ணாத்த. இந்த பூட்ஸ் காலு வாணாம். நல்லா குண்டா, பத்து அயிட்டம். ஓரத்துல ஒரு விரலு எடம் வுட்டாலும் இந்தாளு எதுனா எழுத சொல்லுவாரு."

சின்னையன் எதிர்ச்சாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மெஸ் பலகையில் புதிதாக ஏதோ எழுதியிருந்தார்கள்.