வரவேற்பு மாலை

கரவெட்டியின் கால்நடை வரலாறு இனி இரண்டு பாகம்: டாக்டர் ஹென்ட்றிக்ஸ் வருவதற்கு முன், வந்ததற்குப் பின். இது பிரகாஸ் யோசித்து எழுதிப் பனரில் அடிப்பித்த வாசகம். பனரின் ஒரு கயிற்றைக் கட்ட வேறு இடம் கிடைக்காமல் வரவேற்பு நடக்கும் வீட்டுக்காரி கேதீஸ்வரியின் எருக்குவியலுக்குப் பக்கத்து முருங்கையில் கட்டியிருந்தார்கள். காற்று அடிக்கும்போதெல்லாம் வரலாறு எருவைத் தொட்டுத் தொட்டு எழும்பியது.

டாக்டர் கனடாவில் இருந்து ஊழியத்துக்கு வந்த மாட்டு வைத்தியர். ஒரு வருசம் யாழ்ப்பாணத்தில் நின்று இலவசமாக மாடு பார்ப்பார், மாட்டுக்காரருக்கு நற்செய்தி சொல்லுவார். நல்ல மனுசன். தமிழில் அவருக்குத் தெரிந்தது வணக்கம், பால், இயேசு மூன்றும்தான். மிச்சமெல்லாம் பிரகாசின் வாய். குருநகரில் வலைகட்டும் குடும்பத்துப் பெடியன், முப்பத்தொரு வயது, மிசனில் மொழிபெயர்ப்பாளர். வருச முடிவில் டாக்டரோடு கனடாவுக்குப் போய்ச் சபை சபையாகச் சாட்சி சொல்ல அவனைத்தான் தெரிவு செய்திருந்தார்கள். அதை அவன் ஊருக்கே சொல்லி முடித்திருந்தான்.

வரவேற்பு அன்றைக்கு மிசன் போதகர் அடைக்கலநாதன் அவனிடம் ஒப்படைத்தது ஒரே ஒரு காரியம்: நெல்லியடியில் ஒரு செவ்வந்தி மாலை வாங்கி வருவது. அச்சகத்தில் பனரைப் பார்த்து ரசித்த ரசிப்பில் அது மறந்துபோயிற்று. கேதீஸ்வரி வீட்டு ஒழுங்கையில் இறங்கிய பிறகுதான் நினைவு வந்தது. வேலியில் செவ்வலரி பூத்து நின்றது. பூ போதாத இடத்தில் இலையைக் கொத்தாக வைத்து, பையில் கிடந்த நீல வலைநூலால் பத்து நிமிசத்தில் நீளமாக ஒரு மாலை கட்டிவிட்டான்.

மாலை விழுந்ததும் கழற்றிவிட வேண்டும், கழுத்தோடு வைத்திருந்தால் ஆசை பிடித்தவன் என்பார்கள். இதையும் டாக்டருக்குச் சொல்லிக் கொடுத்தவன் பிரகாஸ்தான். டாக்டர் ஒரு படி மேலே போனார். கழற்றிய மாலையைப் பக்கத்தில் நின்ற பசு சிவப்பியின் கழுத்தில் போட்டார். சனம் கைதட்டியது.

சிவப்பி கேதீஸ்வரியின் ஒரே கறவை. புருசன் போன பிறகு அந்தப் பாலில்தான் அவள் அடுப்பு எரிந்தது. கன்று போட்டு இருபது நாள்.

"தம்பி, உது அலரி எல்லே?"

"டாக்டர் போட்டதக்கா. படம் எடுத்து முடியட்டும். இப்ப கழட்டினா மரியாதையில்லை."

"மாடு திண்டுதெண்டால்?"

"மாட்டு டாக்டருக்குத் தெரியாததே உங்களுக்குத் தெரியும்? கமராவைப் பாருங்கோ."

டாக்டருக்குத் தெரியாதுதான். அவர் ஊர்ப் பனியில் அலரி இல்லை. படித்த புத்தகத்தில் நஞ்சுச் செடிகளோடு பெயர் இருந்தது, பூவை அவர் கண்டதில்லை. எல்லாரும் கமராவைப் பார்த்தார்கள். சிவப்பி மட்டும் முழங்காலுக்குத் தொங்கிய மாலையைப் பார்த்தது. போதகர் நன்றியுரையில் ஏழாவது ஆளுக்கு நன்றி சொல்லும்போது கேதீஸ்வரி பொறுக்கமாட்டாமல் மாலையைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தாள். அப்போது பாதிதான் மிச்சம்.

பக்கத்து வீட்டில் விருந்து. டாக்டர் பாயாசத்தில் இருக்கும்போது கேதீஸ்வரி ஓடிவந்தாள். சிவப்பிக்கு வாயால் நுரை தள்ளுது, கால் நடுங்குது.

டாக்டர் ஓடினார். உண்மையாகவே ஓடினார். குழாயை வைத்துக் கேட்டார், நெஞ்சு தாறுமாறாக அடித்தது. என்ன தின்றது என்று கேள், என்றார் பிரகாசிடம். நஞ்சு என்றால் வண்டியில் கரித்தூள் இருக்கிறது, உடனே கரைத்து இறக்க வேண்டும். கன்று போட்ட மாட்டுக்கு வருகிற நோய் என்றால் வேறு ஊசி, சுண்ணாம்புச்சத்து.

"என்னவாம் தம்பி?"

"என்ன திண்டதெண்டு கேக்கிறார்."

"மாலையைத்தான் எண்டு சொல்லு! நீ கட்டின மாலையை!"

மாலைக்கு ஆங்கிலம் பிரகாசுக்கு நன்றாகத் தெரியும். டாக்டரின் தோளுக்குப் பின்னால் கனடாவும் நன்றாகத் தெரிந்தது.

"புல்லும் தவிடும்," என்றான் ஆங்கிலத்தில். "வேறு ஒன்றும் இல்லை."

கேதீஸ்வரிக்கு ஏதோ பிடிபட்டது. டாக்டருக்கு நேரே போய்த் தன் கழுத்தைச் சுற்றிக் கையால் வளைத்து வளைத்துக் காட்டினாள்.

"கழுத்தில் முன்னமே வீக்கம் இருந்ததாம்," என்றான் பிரகாஸ்.

டாக்டர் சிவப்பியின் கழுத்தை அக்கறையாகத் தடவிப் பார்த்தார். பிறகு சுண்ணாம்புச்சத்து மருந்தை நரம்பில் ஏற்றினார். போத்தல் பாதி இறங்கும்போதே சிவப்பி முன்னங்காலை மடித்துச் சரிந்தது. டாக்டர் அதன் பக்கத்தில் சாணத்திலேயே முழங்காலில் இருந்து கண்ணை மூடி, ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"இப்ப என்ன சொல்லுறார்?"

"ஜெபம் பண்ணுவம் எண்டுறார்."

புல்லும் தவிடும் சொன்ன பிறகு அவன் சரியாக மொழிபெயர்த்தது அது ஒன்றுதான்.

நாலு மணிக்கு எல்லாம் முடிந்தது. கன்று பால் நேரமென்று கத்திக்கொண்டிருந்தது. கேதீஸ்வரி அழவில்லை. சிவப்பியின் வாயைத் திறந்து, பல்லுக்கு இடையில் இருந்து ஒரு முழம் நீல நூலை உருவி, பிரகாசின் சேர்ட்டுப் பொக்கற்றுக்குள் வைத்தாள்.

"கனடாவுக்குக் கொண்டுபோ தம்பி."

அவன் போனான். மூன்று மாதம், பதினெட்டுச் சபை. எல்லா இடத்திலும் வரவேற்பு அன்றைக்கு எடுத்த அந்தப் படத்தைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். 'ஒரு பசுவின் நன்றி' என்ற தலைப்பும் பிரகாஸ் போட்டதுதான். டாக்டர் நடுவில், போதகர் வலப்பக்கம், பிரகாஸ் இடப்பக்கம், ஓரத்தில் கயிற்றோடு கேதீஸ்வரி.

சிவப்பியின் வாயில் மூன்று அலரி இலை இருக்கிறது.