முதல் மாடியின் பதினெட்டுத் தொட்டிகள்

ஃபஸீலா செடியின் தண்டைப் பிடித்துக்கொண்டு தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். மண் உருண்டையாகக் கழன்று செய்தித்தாளில் விழுந்தது. மணி நாலேகால். இன்னும் முக்கால் மணி நேரம்தான்.

"வெரசாப் பாருத்தா. கீழ வண்டியே வந்து நிக்கிது," என்றாள் ராமலெட்சுமி, துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு. அந்த லாட்ஜின் மாடியைக் கூட்டித் துடைப்பவள் அவள்.

வண்டி கூத்தையாவுடையது. ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டி, பிளாஸ்டிக் செடிகளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். லாட்ஜ் முதலாளி தங்கசாமி காலையிலேயே ஃபஸீலாவிடம் சொல்லிவிட்டார்.

"ஏம்மா, ராமேஸ்வரத்துக்குச் சாமி கும்பிட வாரவுக, ரூம் வாசல்ல செத்த செடியப் பாத்தா என்ன நெனப்பாக? அஞ்சு மணிக்குள்ள காரணத்தச் சொல்லு. சொல்லிட்டா ஒஞ்செடி இருக்கும், அதக் கெடுத்தவன் எவனா இருந்தாலும் இந்த மாடிப்படி ஏற முடியாது. சொல்லலேன்னா அத்தனையும் தூக்கிட்டுப் போயிரு."

அவர் தூக்கினால் அந்தத் தெருவில் மற்ற லாட்ஜுகளும் அவள் வைத்த செடிகளைத் தூக்கும். அப்புறம் பக்கத்து ஊரான அக்காள்மடத்தில் பச்சை வலைக்கடியில் மூன்று வருடமாக அவள் வளர்த்த நர்சரியை இழுத்து மூட வேண்டியதுதான்.

அறைக்கு ஒன்றாகப் பதினெட்டுத் தொட்டிகள். எல்லாமே டைஃபன்பேக்கியா. பச்சை இலையில் சுண்ணாம்பைத் தெறித்தது போல வெள்ளைப் புள்ளிகள். ராமலெட்சுமிக்கு அது வெறும் புள்ளிச் செடி. நேர் வெயில் கேட்காது, வராந்தா வெளிச்சமே போதும் என்றுதான் ஃபஸீலா அதைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டு மாதமாக நுனி கருகி, அடி இலைகள் மஞ்சளடித்து, ஒவ்வொன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

வேரைப் பிரித்தாள். தண்ணீர் மிஞ்சிப்போயிருந்தால் வேர் கறுத்துக் கொழகொழவென்று நாறியிருக்கும். இங்கே நாற்றம் இல்லை. நுனி வேர்கள் மட்டும் கருகிச் சுருங்கியிருந்தன. செல்போன் வெளிச்சத்தில் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பூச்சி இல்லை, வலை இல்லை. ஏசி காற்றா? வராந்தாவில் ஏசியே கிடையாது. கடற்காற்றா? ஜன்னல்கள் சாத்தியே இருந்தன. காற்றுக்குக் கருகினால் மேல் இலைதான் முதலில் கருகும்.

கீழே வரவேற்பறையில் ஆறு தொட்டிகள். அதே மண், அதே லாரித் தண்ணீர். அவை தளதளவென்று நின்றன.

"செடியில நோவு இல்லக்கா. மாடியில மட்டும் யாரோ என்னமோ பண்றாக."

"பாத்துத் தொடு தாயி. அந்தச் செடிப் பாலு ஆகாதும்பாகல்ல."

"கையில பட்டா அரிக்கும். வாயில பட்டா நாக்கு வீங்கிப் பேச்சே வராது. அதுக்குத்தான் இந்தக் கையுறை."

"அப்படியா! எங்க வீட்டுக்காரருக்கு ஒரு செடி குடேன்."

ஃபஸீலா சிரிக்கவில்லை. பக்கத்துத் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. கையுறையைக் கழற்றி, சுத்தமான விரலால் அதைச் சுரண்டி, நாக்கு நுனியில் வைத்தாள்.

உப்பு!

அவள் பார்வை மெல்லத் திரும்பியது. ராமலெட்சுமியின் வாளிக்குள், அடியில் வெள்ளை வெள்ளையாகக் கற்கள் மின்னின.

"அக்கா, வாளியில என்னது?"

"கல்லுப்பு. திருஷ்டி கழியட்டும்னு மொதலாளிதான் போட்டுத் தொடைக்கச் சொன்னாரு. ஏன் கேக்குற?"

"தொடச்ச தண்ணிய எங்கன ஊத்துறிய?"

ராமலெட்சுமியின் முகம் சிவந்தது. "ஓஹோ! களவாணிப் பட்டம் எனக்கா? வெரல விட்டுப் பாரு, மொதக் கணு வரைக்கும் காஞ்சாத்தான் தண்ணின்னு நீதான சொன்ன? ரெண்டு மாசமா நகக்கண்ணு பூரா மண்ணு. இந்தா பாரு!"

விரல்களை நீட்டினாள். நகத்துக்கடியில் கறுப்பாக மண். ஃபஸீலா வாளியை முகர்ந்தாள். ஃபினைல் நெடி மூக்கில் ஏறியது. தொட்டி மண்ணை முகர்ந்தாள். ஃபினைல் வாசமே இல்லை. இவள் இல்லை.

"என்னத்தா, பிரேதப் பரிசோதனை முடிஞ்சுதா?" மாடிப்படியில் கூத்தையாவின் தலை முளைத்தது. "நம்ம செடிக்குத் தண்ணியும் வேணாம், வைத்தியமும் வேணாம். ஒரு துணியால தொடச்சாப் போதும்."

"இதுக்கு முந்தி இந்த மாடிக்கு வந்திருக்கியளாண்ணே?"

"இன்னைக்குத்தான் மொத தடவ. அதுக்கும் ஓங்க மொதலாளி ஆதார் கார்டு கேக்காத கொறதான்!"

காலில் இருந்த ஷூ சப்தமிட அவன் இறங்கிப் போனான். ஃபஸீலாவுக்கு நம்பிக்கை வரவில்லை. செடி செத்தால் லாபம் இவனுக்குத்தானே?

தொட்டிகளை வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனாள். ஒன்று, ஈரம். இரண்டு, ஈரம். பதினொன்று வரை ஈரம். பன்னிரண்டு முதல் பதினெட்டு வரை உலர்ந்து கிடந்தது.

"அக்கா, இன்னைக்குத் தண்ணி ஊத்துனியளா?"

"இல்லையே! மூணு நாளாச்சு. நேத்து அமாவாசைக் கூட்டம். இன்னைக்குத்தான் எல்லாரும் ரூமக் காலி பண்ணுனாக. எனக்குக் குனியவே நேரமில்ல, இதுல தண்ணி எங்கிட்டு?"

"அப்ப எவனோ பாதியில விட்டுட்டுப் போயிருக்கான். மிச்சத்த முடிக்க வருவான்."

இருவரும் பதினான்காம் எண் அறைக்குள் நுழைந்து, கதவை ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாத்திக்கொண்டார்கள். நாலே முக்கால். நாலு ஐம்பது. ஃபஸீலாவின் உதடுகள் சப்தமில்லாமல் ஓதின.

காலடி கேட்டது. ஷூ இல்லை. செருப்பும் இல்லை. வெறுங்கால்!

கதவிடுக்கில் ஒரு கை தெரிந்தது. கையில் செம்புச் சொம்பு. அது பன்னிரண்டாம் தொட்டியின் மேல் மெல்லச் சாய்ந்தது. ஏதோ முணுமுணுப்பு. ஒரு சொட்டுகூடத் தரையில் சிந்தவில்லை.

ஃபஸீலா கதவை உதறித் திறந்தாள். "புடிச்சிட்டேன்!"

அந்த உருவம் நிமிர்ந்தது. செடியின் பால் படாமலேயே ஃபஸீலாவுக்கு நாக்கு எழவில்லை.

முதலாளி தங்கசாமி!

அவர் கொஞ்சமும் பதறவில்லை. சொம்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சத்தம் போடாதம்மா. தீர்த்தம் இருக்கு கையில."

"தீர்த்தமா?"

"வாரவுக பாட்டில் பாட்டிலா மோந்துட்டு வந்து, போறப்ப ரூம்லயே மறந்துட்டுப் போயிர்றாக. அதச் சாக்கடையில ஊத்த மனசு வருமா? பாவமில்லையா? கால் மிதி படாத எடமா, செடி அடியில ஊத்திடுறேன். செடி வாட வாட, ரெண்டு சொம்பு கூடத்தான் ஊத்திப் பாக்குறேன். பொழைக்கணுமே!"

"எந்தத் தீர்த்தம் மொதலாளி?"

"இதென்ன கேள்வி? அக்னி தீர்த்தந்தான்."

கோயிலுக்குக் கிழக்கே அலையடித்துக் கிடக்கும் கடலுக்குத்தான் அந்தப் பெயர். ராமேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்த தங்கசாமி அதை ஒரு நாளும் கடல் என்று சொன்னதில்லை.

"ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்க," என்றாள் ஃபஸீலா மெதுவாக.

வைத்தார். வாய் கோணியது. சொம்பைப் பார்த்தார். பதினெட்டுத் தொட்டிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"மொதலாளி, மணி அஞ்சு! செடிய எறக்கவா?" கீழிருந்து கூத்தையா கத்தினான்.

"வேணாம். வண்டியத் திருப்பிரு."

"ஏன், கெடுத்தது யாருன்னு தெரிஞ்சுபோச்சா?"

தங்கசாமி சொம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னாலிருந்து ராமலெட்சுமிதான் பதில் கொடுத்தாள்.

"தெரிஞ்சுபோச்சு! ஆனா அவர மாடிப்படி ஏற விடாம இருக்க முடியாது. லாட்ஜே அவரோடதுதான்!"