புத்தகத்தில் இல்லாத கேள்வி

அரையாண்டுத் தேர்வின் வேதியியல் விடைத்தாள் கைக்கு வந்தபோது அழகுமீனா மதிப்பெண்ணை நம்பாமல் மேலே இருந்த பெயரைத்தான் பார்த்தாள். அவளுடையதுதான். எழுபதுக்கு நாற்பத்தொன்று.

ஆமத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி விருதுநகருக்கு வந்து பிளஸ் டூ படிக்கிறவள். ஆறாம் வகுப்பிலிருந்து முதலிடத்தை யாருக்கும் விட்டதில்லை. பாடத்தின் கடைசியில் இருக்கும் கேள்விகளில் எதைக் கேட்டாலும் ஒரு சொல் பிசகாமல் விடை சொல்வாள். ஆனால் இந்த முறை அந்தக் கேள்விகளில் பாதிகூட வரவில்லை. கட்டாய வினா இப்படி இருந்தது: ஒரே எடையுள்ள மெக்னீசியம் நாடா, மெக்னீசியம் பொடி இரண்டில் எது வேகமாக எரியும்? ஏன்? அழகுமீனா அந்த இடத்தில் எதையும் எழுதவில்லை.

மத்தியானம் வகுப்பே கொதித்துக்கொண்டிருந்தது.

"பப்ளிக்லயும் இப்படித்தான் கேப்பாகளாம். புத்தகத்துல இல்லாததைக் கேட்டா நாம எங்கன போக?" என்றான் சிவபாண்டி. "எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஹெச்.எம். கிட்டக் குடுப்போம்."

அழகுமீனாதான் தாளை எடுத்து மனு எழுத உட்கார்ந்தாள். இரண்டு வரி எழுதியிருப்பாள். பக்கத்தில் இருந்த ஜெஸ்லின் பாடப்புத்தகத்தைப் பிரித்து அவள் முன்னால் தள்ளினாள்.

"ஏட்டி, இதைப் பாரு. வினைபடு பொருளோட புறப்பரப்பு. நீ மூச்சு விடாம ஒப்பிப்பியே, அதுதான். கேள்வியை மட்டும் மாத்திக் கேட்டிருக்காக."

அழகுமீனா படித்தாள். திரும்பவும் படித்தாள். தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த பத்திதான். காது மடல் சூடாகியது. மனுவை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"நம்ம கிளாஸ்ல அதுக்கு முழு மார்க் யாரு?"

"மாரீஸ்வரன் மட்டுந்தான்."

மாரீஸ்வரன் கடைசி பெஞ்சு. மொத்தத்தில் இருபத்தாறு வாங்கியிருந்தான். அப்பா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவர். அதுவரை அழகுமீனா அவனோடு பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டாள். அன்று சாயங்காலம் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் அவனை மறித்து நின்றாள்.

"நீ எப்படி எழுதுன?"

"பொடின்னா எல்லாப் பக்கமும் காத்துப் படும்லா? அதான் வெரசாப் பிடிக்கும். அதைத்தான் எழுதுனேன்." அவன் கூச்சத்தோடு சிரித்தான். "எனக்குப் பேருதான் மனசுல நிக்க மாட்டேங்குது. புறப்பரப்புன்னு எழுதத் தெரியல. திருத்துனவுக எப்படியோ மார்க் போட்டுட்டாக."

"பேரை நான் சொல்லித் தாரேன். நீ எனக்குக் கேள்வி கேளு. புத்தகத்துல இல்லாத கேள்வியா கேக்கணும்."

மறுநாளிலிருந்து பள்ளி விட்டதும் ஜெஸ்லினையும் சேர்த்து மூவரும் ஒரு மணி நேரம் வகுப்பிலேயே இருந்தார்கள். இரும்புக் கதவில் பெயிண்ட் உரிந்த இடத்தில் மட்டும் ஏன் துரு பிடிக்கிறது என்று கேட்பான் மாரீஸ்வரன். வெயில் காலத்தில் மாவு ஏன் சீக்கிரம் புளிக்கிறது என்பாள் ஜெஸ்லின். முதல் வாரம் முழுக்க அழகுமீனா திணறினாள். பாடத்தின் வரிகள் வாய்வரை வந்தன. எந்த வரி எந்தக் கேள்விக்கு என்றுதான் தெரியவில்லை. ஒருநாள் அவள் கண் கலங்கிவிட்டதைப் பார்த்து மாரீஸ்வரன் நோட்டை மூடினான்.

"நாளைக்குப் பாப்போமா?"

"வேண்டாம். இன்னொன்னு கேளு."

ஜனவரி போய்விட்டது. பிப்ரவரியில் ஒருநாள் அழகுமீனாவே ஒரு கேள்வி கொண்டுவந்தாள். அதற்கு விடை கண்டுபிடிக்க மற்ற இருவருக்கும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. அன்றைக்கு அவள் பஸ்ஸைத் தவறவிட்டாள். அதற்காகக் கொஞ்சமும் வருத்தப்படவில்லை.

பொதுத்தேர்வில் கட்டாய வினா வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. மலைமேல் உள்ள ஊர்களில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகத் தாமதமாவது ஏன்? அவர்கள் மூவரும் ஒருநாளும் கேட்டுக்கொள்ளாத கேள்வி. அழகுமீனாவின் பேனா நின்றது. 'இன்னொன்னு கேளு' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அப்படியானால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். சூடு குறைந்தால் வினையின் வேகமும் குறையும். ஒரு வரியை அடித்தாள், திருத்தினாள். எந்தப் புத்தகத்திலும் அப்படியே இல்லாத நான்கு வரிகளைத் தன் சொந்தச் சொற்களில் எழுதி முடித்தாள்.

மே மாதம் முடிவு வந்தது. செய்முறைத் தேர்வையும் சேர்த்து வேதியியலில் ஜெஸ்லினுக்குத் தொண்ணூற்றாறு. அவள்தான் பள்ளியில் முதல். அழகுமீனாவுக்குத் தொண்ணூற்று மூன்று. மாரீஸ்வரனுக்கு எழுபத்தொன்று; அவன் அப்பா வேனை ஓரமாக நிறுத்திவிட்டு இரண்டு தடவை போன் போட்டுக் கேட்டாராம்.

"முதலிடம் போயிருச்சேன்னு வருத்தமா தாயி?" என்று அம்மா முத்துப்பேச்சி கேட்டாள்.

அழகுமீனா "இருக்கும்மா" என்றாள். "ஆனா இந்தத் தொண்ணூத்தி மூணும் நான் யோசிச்சு வாங்குனது."

பிறகு எழுந்து, கல்லூரி விண்ணப்பத்தில் பாடப்பிரிவு என்றிருந்த இடத்தில் வேதியியல் என்று எழுதினாள்.