ஏழு பேருக்கும் முழுப் புள்ளி

முதுமாணிப் பட்டப் படிப்புக்கு விண்ணப்பித்தபோது பாயிஸாவுக்கு முப்பத்தொன்பது வயது. கண்டி நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் பயிற்சிப் பிரிவில் வேலை. பிரிவு என்று பெயர்தான். அவளும் ஒரு கணினியும் இரண்டு கதிரைகளும் மட்டுமே அங்கே. புதிதாகச் சேரும் தாதியர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை எல்லோருக்கும் வேலை பழக்குவது அவள் பொறுப்பு. பதினோரு வருடம் பழக்கிய பிறகும், தான் சொன்னதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று அவளுக்குத் தெரியாது. அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு பாடத்தை எப்படித் திட்டமிட்டால் அது படிப்பவருக்கு உதவும் என்பதையே கற்றுத்தரும் படிப்பு ஒன்று இருக்கிறது, கற்பித்தல் வடிவமைப்பு என்று அதற்குப் பெயர், வீட்டிலிருந்தே இணையத்தில் படிக்கலாம் என்று அறிந்த அன்று கணவன் மக்கீனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அக்குறணையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த மக்கீன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

"படிங்களே. காலத்தால குசினி வேலய நான் பாத்துக்கொள்றேன்," என்றான்.

சொன்னபடி செய்தான். இரண்டு வருடம் விடியற்காலை சுபஹு தொழுகை முடிந்ததும் பாயிஸா மேசையில் உட்கார்ந்தாள். மக்கீன் அடுப்படியில் நின்றான். முதல் மாதம் அவன் சுட்ட ரொட்டி மரப்பலகை போல இருந்தது. மகள் மின்ஹா அதைத் தேநீரில் தோய்த்து, ஒரு வார்த்தை குறை சொல்லாமல் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வகுப்பு. மற்ற நாட்களில் கண்டிக்குப் போகும் பஸ்ஸில், இடம் கிடைத்தால் உட்கார்ந்தும் கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டும் வாசித்தாள்.

கடைசியாக ஆய்வு வேலை வந்தது. சொந்தமாக ஒரு பாடம் உருவாக்கி, உண்மையான ஆட்களுக்கு நடத்தி, பலனை எழுத வேண்டும். எந்தப் பாடம் என்று அவள் யோசிக்கவே இல்லை. தரை துடைக்கும் குளோரினையும் டொய்லட் கழுவும் அசிட்டையும் கலந்தால் நச்சுப் புகை கிளம்பும். முந்திய வருடம் ஒரு பெண் இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றி, மூச்சு முட்டி, இரண்டு நாள் வார்ட்டில் கிடந்தாள். இனி ஒருவருக்கும் அப்படி நடக்கக்கூடாது என்று பாயிஸா நினைத்தாள்.

கைபேசியில் பார்க்கக்கூடிய இருபது நிமிடப் பாடம் தயாரானது. அசையும் படங்கள், திருத்தமான குரல், முடிவில் பத்துக் கேள்விகள். சரியான விடையைத் தொட்டால் பச்சை வெளிச்சம் வரும். துப்புரவுப் பணியாளர் ஏழு பேர் படித்தார்கள். ஏழு பேருக்கும் பத்துக்குப் பத்து. அவளுடைய ஆய்வு மேற்பார்வையாளர் துஷ்யந்தி, யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பிலிருந்து அழைத்துப் பாராட்டினார். "நல்லா வந்திருக்கு பாயிஸா. இனி எழுதி முடியுங்கோ. மூண்டு கிழமைதான் இருக்கு."

அதற்கு அடுத்த வியாழக்கிழமை பாயிஸா மூன்றாம் மாடிக்கு ஏதோ வேலையாகப் போனாள். துடைப்பங்கள் வைக்கும் சிறிய அறை திறந்திருந்தது. உள்ளே ராக்கம்மா. தெல்தோட்டைத் தோட்டத்திலிருந்து தினமும் முதல் பஸ் பிடித்து வருகிறவள்; ஏழு பேரில் ஒருத்தி. வாளியில் ஏற்கெனவே குளோரின் தண்ணீர் இருந்தது. அவள் கையில் இருந்தது அசிட் போத்தல், மூடி கழன்றபடி.

"ராக்கம்மா, நில்லுங்க. அத ஊத்தாதீங்க."

ராக்கம்மாவின் கை நின்றது. பாயிஸா போத்தலை வாங்கி மூடினாள். இருவரும் வெளியே நடைபாதையில் வந்து நின்றார்கள்.

"நீங்க பத்துக்குப் பத்து எடுத்தீங்களே."

ராக்கம்மா சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கோவிச்சுக்காதீங்க மிஸ். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். நாலு பதில்ல எது நீட்டா இருக்கோ அதத் தொட்டா பச்சை வருதுங்க. மொத நாளே எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு."

பாயிஸா தன் அறைக்குத் திரும்பிக் கேள்விகளைத் திறந்து பார்த்தாள். உண்மைதான். பத்திலும் சரியான விடையே நீளமானது. இப்படி எழுதக்கூடாது என்று இரண்டாம் பருவத்தில் கட்டுரையே எழுதி, நல்ல புள்ளியும் வாங்கியிருந்தாள் அவள்.

பேசாமல் இருந்துவிடலாம் என்ற எண்ணம் அவளுக்கு வரவில்லை என்று சொல்ல முடியாது. பஸ் அக்குறணையில் நிற்கும் வரை அந்த எண்ணத்தோடுதான் வந்தாள். வீட்டில் மக்கீனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஆய்வு கெட்டது, மூன்று வாரம் போதாது, பட்டமும் போய்விடும் என்று. அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தப் பொம்புளக்கி ஒன்டும் ஆகல்லயே?"

இல்லை என்று பாயிஸா தலையாட்டினாள். தனக்கே அந்தக் கவலை முதலில் வந்திருக்க வேண்டும் என்று பட்டது.

மறுநாள் துஷ்யந்தியை அழைத்து மறைக்காமல் சொன்னாள்.

"இதைச் சொன்னதுக்கு முதல்ல நன்றி," என்றார் துஷ்யந்தி. "பாடத்தைத் திருப்பிச் செய்யுங்கோ. ஆறு கிழமை தவணை நான் கேட்டு எடுத்துத் தாறன். ரெண்டு முடிவையும் எழுத வேணும், ஓம்? முதல் முடிவை ஒளிக்கக்கூடாது."

பாயிஸா நேரே ராக்கம்மாவிடம் போனாள். எங்கே தடுமாறியது என்று கேட்டாள். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து ராக்கம்மா யோசித்து யோசித்துச் சொன்னாள். பாடத்தில் வந்த அசிட் போத்தல் நீல நிறம். இங்கே இரண்டும் வெள்ளை. "அப்புறம் அமிலம் அமிலம்னு பாடத்துல அந்தம்மா சொல்லுச்சே, அது என்னங்க? நாங்க அசிட்டுன்னுதான் சொல்லுவோம்."

புதிய பாடத்தில் இணையத்துப் படம் ஒன்றுகூட இல்லை. அந்த அறையையே, அந்தப் போத்தல்களையே படம் பிடித்தாள். அசிட் போத்தலில் சிவப்பு டேப் சுற்றினாள். குரல் கொடுக்க ராக்கம்மா சம்மதித்தாள். சிரிப்பு வந்து வந்து பதினான்கு தடவை கெட்டுப்போனது. பதினைந்தாவது தடவை, எழுதிக்கொடுத்ததை விட்டுவிட்டு அவள் தானாகவே பேசினாள். "நான் ராக்கம்மா. மூணாம் மாடி. இது ரெண்டையும் ஒரே வாளியில ஊத்தப் போனவ நான். மிஸ் வரலன்னா என்ன ஆயிருக்கும்னு தெரியாது. நீங்க ஊத்தாதீங்க." பாயிஸா அதை அப்படியே வைத்துக்கொண்டாள்.

பத்துக் கேள்விகளும் போயின. பதிலாக, போத்தல்களில் சாயத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொருவராக வாளி முன்னால் நின்று, இரண்டையும் கலக்காமல் செய்துகாட்ட வேண்டும். அதற்கு ஏழு பேருக்கும் ஒரே நேரம் ஓய்வு வேண்டுமே. டியூட்டி அட்டவணை போடும் லிகிதர் அன்னலட்சுமி ஒரு காலை முழுக்க அழித்து அழித்து எழுதி, பத்து மணிக்கு அரை மணித்தியாலம் எடுத்துக் கொடுத்தாள். "மேட்ரன் கேட்டா நான் பேசிக்கிறேன். நீங்க போங்க பாயிஸா."

முதல் தடவை நான்கு பேர் சரியாகச் செய்தார்கள். மறுவாரம் ஆறு பேர். மிஞ்சிய கறுப்பையாவோடு பாயிஸா இரண்டு நாள் தனியாக நின்றாள். பிறகு அவரும் செய்தார். எல்லாவற்றையும், அந்தப் பொய்யான எழுபது புள்ளிகளையும் சேர்த்து, உள்ளது உள்ளபடி எழுதி அனுப்பினாள்.

வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர் கேட்டார், முதல் முடிவை ஏன் விட்டுவிடவில்லை என்று. "அதுல இருந்துதான் நான் படிச்சேன் சேர்," என்றாள் பாயிஸா. அவர் தலையாட்டி எதையோ குறித்துக்கொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மின்னஞ்சல் வந்தது. சித்தி; அவள் தேறிவிட்டாள். முதலில் மக்கீனை அழைத்தாள். "அல்ஹம்துலில்லாஹ்," என்று மெல்லச் சொன்னான். பிறகு போனை வைக்க மறந்து, கடைக்கு வந்த யாரிடமோ, "எங்கட வீட்டுல முதுமாணி," என்று சொல்வது கேட்டது. பாயிஸா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆய்வேட்டில் நன்றி சொல்ல ஒரு பக்கம்தான் இடம் தந்திருந்தார்கள். மற்ற அத்தியாயங்களைவிட அதை எழுதத்தான் அவளுக்கு அதிக நேரம் பிடித்தது. மறுநாள் பத்து மணிக்கு வட்டிலப்ப இனிப்புத் தட்டோடு மூன்றாம் மாடிக்குப் போய், அந்தப் பக்கத்தை உரக்க வாசித்துக் காட்டினாள். ஏழு பேரின் பெயர்களும் இருந்தன. அன்னலட்சுமி கதவோரம் நின்று கேட்டாள்.

"நாங்க என்ன மிஸ் செஞ்சோம்," என்றாள் ராக்கம்மா, கூச்சத்தோடு.

"உண்மையச் சொன்னீங்க," என்ற பாயிஸா வட்டிலப்பத்தை வெட்டி, முதல் துண்டை அவள் கையில் வைத்தாள்.