ஏழாவது சாறு

ஆறு செடிகளின் சாறும் ஒன்றுபோல் வேலை செய்ததுதான் அகல்யாவுக்குப் பிடிக்கவில்லை.

விருத்தாசலத்துக் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் ஆய்வு மாணவி அவள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸை நம் பக்கத்துச் செடிகள் முடக்குமா என்பது அவளுடைய ஆராய்ச்சி. வைரஸின் மேலுறைப் புரதத்தோடு ஒவ்வொரு சாற்றையும் கலந்து, பரிசோதனைத் தட்டின் குழிகளில் விடுவாள். புரதம் அப்படியே இருந்தால் குழி மஞ்சளாகும்; சாறு அதை முடக்கியிருந்தால் நிறம் வராது. மூன்று முறை செய்தும் ஆறு சாற்றுக் குழிகளும் வெளுத்தே கிடந்தன.

வழிகாட்டி நீலாவதிக்கு மகிழ்ச்சி. வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் வாசித்துவிடலாம் என்றார். இன்னொரு முறை சோதித்துப் பார்க்க அகல்யா மூன்று நாள் மட்டும் கேட்டாள்.

கல்லூரி வாசலில் திருமாலின் டீக்கடை. பாலும் சர்க்கரையும் இல்லாமல் வெறும் டிகாஷனை ஒரு குப்பியில் வாங்கி வந்து, ஏழாவது சாறாகச் சேர்த்தாள். அந்த வரிசையிலும் மஞ்சள் வரவில்லை. தட்டைக் கொண்டுபோய் நீலாவதியின் மேசையில் வைத்தாள்.

"இந்த ஏழாவது எந்தச் செடி?"

"டீங்க மேடம். திருமால் அண்ணன் கடை டீ."

நீலாவதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீ குடிச்சு யாருக்கும் இந்த நோய் போவல மேடம். டீயிலயும் நம்ம செடிங்கள்லயும் இருக்கற துவர்ப்பு எந்தப் புரதத்தையும் புடிச்சிக் கட்டிடும். நம்ம சோதனைதான் ஏமாந்திருக்குது."

டீயையும் சேர்த்து ஏழு சாறுகளிலும் துவர்ப்பைப் பிரித்தெடுத்துவிட்டு மறுபடி செய்தாள். ஐந்து வரிசைகள் பளிச்சென்று மஞ்சளாயின. டீயும் மஞ்சளானது. ஆறு செடிகளில் ஒன்றான கரிசலாங்கண்ணியின் வரிசையில் மட்டும் பாதி மஞ்சள்கூட வரவில்லை. அடுத்த நாளும் அப்படியே.

அழைப்பிதழில் ஆறு மூலிகை என்று அச்சாகிவிட்டதே என்று நீலாவதி தயங்கினார்.

"ஒண்ணுன்னு நானே சொல்லிடறேங்க மேடம்," என்றாள் அகல்யா.

வெள்ளிக்கிழமை, டீ கிளாஸின் படத்திலிருந்தே பேச்சைத் தொடங்கினாள். அரங்கு சிரித்தது. தட்டுகளின் படம் வந்ததும் பலர் குறிப்பெடுக்க ஆரம்பித்தார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த ஆய்வாளர் ஒருவர், கரிசலாங்கண்ணிச் சாற்றை உயிருள்ள கல்லீரல் செல்களில் சோதித்துத் தருவதாகச் சொல்லி முகவரி கொடுத்தார்.

கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து, தன் மனைவிக்கு இந்த நோய் இருப்பதாகவும், மாத்திரையை விட்டுவிட்டு இதைக் கொடுக்கலாமா என்றும் கேட்டார்.

"வேணாங்க. குழியில நடந்தது ஒடம்புல நடக்குமான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. டாக்டர் குடுக்கற மாத்திரைய ஒருநாளும் நிறுத்தாதீங்க," என்றாள். அவர் தலையாட்டி உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை காலை, பனிக்கட்டிப் பெட்டியில் மூன்று குப்பிக் கரிசலாங்கண்ணிச் சாற்றைப் பத்திரப்படுத்தி, சென்னை ரயிலில் அவளே ஏறினாள்.