நூலகத்தில் நிற்காத பஸ்

ஓய்வுபெற்ற கண்டக்டரை நீச்சல் குளத்தில் இறக்கிவிட்டவள் அவருடைய மகள்தான். போன வாரம் பஸ்ஸில் வீடு திரும்பியவர், தம் நிறுத்தத்தைத் தாண்டி டிப்போ வரைக்கும் போய்விட்டார். முப்பது வருடம் அதே தடத்தில் விசில் ஊதியவர்! மறதி வந்துவிட்டதென்று முடிவுகட்டிய மகள், அவருடைய பஸ் பாஸைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். தனியாக வெளியே போகத் தடை. கால் தண்ணீரில் நடக்கும்போதே மூளைக்கும் ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் இந்த வகுப்பு.

நெஞ்சளவுத் தண்ணீரில் முழங்காலை உயர்த்தி உயர்த்தி நடந்தார். பின்னாலேயே மனைவி.

“அடிக்கு ஒரு ஸ்டாப், ஐயா. கடைசியிலேர்ந்து சொல்லிட்டு வாங்க,” என்றார் பயிற்சியாளர். மகள் பஸ் பலகையைப் பார்த்து எழுதிக் கொடுத்த பட்டியல் பயிற்சியாளர் கையில் இருந்தது.

“தப்பில்லாம சொல்லுங்கப்பா, பாஸைக் குடுத்துடறேன்,” என்றாள் கரையில் இருந்த மகள்.

“கிழிச்சாரு! என் தங்கச்சி பேரே இவருக்கு ஞாபகம் வராது,” என்றாள் மனைவி.

“ஞாபகம் இருக்கு. சொன்னா கிளம்பி வந்துடுவாளேன்னுதான் சொல்றதில்ல.”

அடியெடுத்து வைத்தார். “டிப்போ. பால்பண்ணை. தண்ணித்தொட்டி. ஆஸ்பத்திரி. மரக்கடை…”

“மரக்கடைக்கு முன்னாடி நூலகம் விட்டுப்போச்சே, ஐயா.”

மகளின் முகம் வாடியது. மனைவி கேலியை மறந்து, தண்ணீருக்குள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் நடையை நிறுத்தினார். கண்ணை மூடி, மனத்துக்குள் பஸ்ஸின் பின்படியில் ஏறி நின்று தெருவைப் பார்த்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“போற வழிய அப்படியே கவுத்து எழுதினா ஆச்சாம்மா? நூலகத் தெரு ஒருவழிப்பாதை. வரும்போது மரக்கடையைச் சுத்திதான் வரணும். நூலகத்துல நிறுத்தச் சொன்னா டிரைவர் என்னை இறக்கி விட்டுட்டுப் போயிடுவான்!”

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மீதி நிறுத்தங்களையும் ஒன்று விடாமல் சொல்லி அவர் கரைசேர்ந்ததும், பாஸ் கைப்பையிலிருந்து வெளியே வந்தது.

“அப்ப அன்னைக்கு ஏன் நம்ம ஸ்டாப்ல இறங்கல?” மனைவி விடவில்லை.

குரலைத் தாழ்த்தினார். “தூங்கிட்டேன்.”

“அட மனுஷா! அதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

“பஸ்ல தூங்கி ஸ்டாப்பை விட்டவங்க எத்தனை பேரைத் திட்டியிருக்கேன்! என் வாயால எப்படிடி சொல்லுவேன்?”

மனைவி மகள் பக்கம் திரும்பினாள்.

“நாளைலேர்ந்து நானும் கூடப் போறேன். எனக்கு ஒரு விசில் மட்டும் வாங்கிக் குடு.”